முன்னறிவிப்பும் முன்னெச்சரிக்கையும்: கொலன்னாவை கற்றுத்தரும் பாடம்

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் எமது மக்களின் பேச்சில் முதலிடம் பெறுவது வெயில்தான். வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளிலும் கொட்டாஞ்சேனையின் நெருக்கமான ஒழுங்கைகளிலும் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளின் தகரக் கூரை வீடுகளிலும் "மழை எப்போது வரும்?" என்ற ஒரே கேள்விதான் எழுகின்றது. ஆனால், மே மாத நடுப்பகுதியில் அதே கொலன்னாவை மக்கள் கேட்கும் கேள்வி வேறு. "இந்த மழை எப்போது நிற்கும்?" என்பதே அது. வெயிலுக்கும் வெள்ளத்துக்கும் இடையில் சில வார இடைவெளி மட்டுமே உள்ள பிரதேசம் இது.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவோர் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளனர். முன்னர் வானிலை அறிக்கை என்பது வானொலிச் செய்தியின் இறுதியில் வரும் சில வரிகள் மாத்திரமே. இன்று ஜப்பானின் ஹிமவாரி செய்மதி பத்து நிமிடங்களுக்கு ஒரு முறை எடுக்கும் முகில் படத்தைக் கொலன்னாவையில் உள்ள ஒரு மாணவன் தன் கைத்தொலைபேசியில் பார்க்கின்றான். நாளைய வெப்பநிலை எத்தனை பாகை, இடிமழைக்கு எத்தனை வீத வாய்ப்பு, வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகுமா என்றெல்லாம் ஆர்வத்துடன் கணித்து நண்பர்களுடன் பகிர்ந்துகொள்கின்றான். இது வரவேற்கத்தக்க மாற்றம் என்பதில் ஐயமில்லை.

தமிழகத்தில் 'தமிழ்நாடு வெதர்மேன்' என அறியப்படும் பிரதீப் ஜான், 2015 ஆம் ஆண்டு சென்னைப் பெருவெள்ளக் காலத்தில் மக்களின் நம்பிக்கையைப் பெற்றதை நாம் அறிவோம். மன்னார்குடிப் பகுதியைச் சேர்ந்த ஆசிரியர் செல்வகுமாரின் அறிவிப்புகளைக் காவிரிப் படுகை விவசாயிகள் காத்திருந்து கேட்கின்றனர். இலங்கையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல் துறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா தமிழில் வழங்கும் வானிலை விளக்கங்கள் வடக்கு, கிழக்கில் மாத்திரமன்றிக் கொழும்பிலும் வாசிக்கப்படுகின்றன. அறிவியலை மக்கள் மொழியில் எடுத்துரைத்தால் மக்கள் செவிமடுப்பர் என்பதற்கு இவர்கள் சான்றாவர்.

எனினும், முன்னறிவிப்பு வேறு, முன்னெச்சரிக்கை வேறு. நாளை 75 மில்லிமீற்றர் மழை பெய்யலாம் என்பது முன்னறிவிப்பு. நாளை மாலைக்குள் இந்த ஒழுங்கையில் நீர் ஏறலாம், முதியோரையும் குழந்தைகளையும் மேட்டுப் பகுதிக்குக் கொண்டுசெல்லுங்கள் என்பது முன்னெச்சரிக்கை. முன்னையது வானத்தைப் பற்றியது. பின்னையது மனிதரைப் பற்றியது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் உயிர்கள் இழக்கப்படுகின்றன. கொலன்னாவையின் அனுபவத்தைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்வது பயனுடையதாகும்.

முதலில் வெயிலை எடுத்துக்கொள்வோம். எமது முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்து, சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றனர். இந்து சமுத்திரத்தில் கலம் செலுத்திய அரபு மாலுமிகள் காற்று மாறும் காலத்தை 'மௌசிம்' என அழைத்தனர். ஆங்கிலத்தில் வழங்கும் 'மொன்சூன்' என்ற சொல் அதிலிருந்து பிறந்ததே. இலங்கையின் வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டை நான்கு பருவங்களாக வகுக்கின்றது. மார்ச், ஏப்ரல் மாதங்கள் முதலாவது இடைப்பருவப் பெயர்ச்சிக் காலமாகும். ஒரு பருவக் காற்று ஓய்ந்து, மற்றைய பருவக் காற்று தொடங்காத இக்காலத்தில் காற்றின் வேகம் குறைவு. சூரியனும் தென் அரைக்கோளத்திலிருந்து வடக்கு நோக்கி நகர்கின்றது. ஆண்டுதோறும் ஏப்ரல் 5 ஆம் திகதியளவில் தெவுந்தரப் பகுதியிலும், அதன்பின் இரண்டொரு நாட்களில் கொழும்பிலும், ஏப்ரல் நடுப்பகுதியில் பருத்தித்துறையிலும் நண்பகல் வேளையில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும்.

ஆயினும், வெப்பமானியைப் பார்த்தால் கொழும்பில் இக்காலத்தின் பகல் வெப்பநிலை பெரும்பாலும் 32, 33 பாகை செல்சியஸ் அளவிலேயே இருக்கும். சென்னையிலோ டில்லியிலோ 40 பாகையைத் தாண்டும் வெயிலுடன் ஒப்பிட்டால் இது பெரிதாகத் தோன்றாது. அப்படியாயின் எமது உடல் ஏன் இவ்வளவு வாடுகின்றது? விடை காற்றிலுள்ள ஈரத்தில் இருக்கின்றது. மனித உடல் வியர்வையை ஆவியாக்கியே தன்னைக் குளிர்வித்துக்கொள்கின்றது. காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாவதில்லை, வழிந்தோடுகின்றது. உடலின் சூடு உடலிலேயே தங்கிவிடுகின்றது.

இதனைக் கணக்கிட்டுக் கூறுவதே வெப்பச் சுட்டெண். வெப்பநிலை 32 பாகையாகவும் ஈரப்பதன் 50 வீதமாகவும் இருப்பின் உடல் உணர்வது ஏறத்தாழ 35 பாகை. அதே 32 பாகையில் ஈரப்பதன் 70 வீதமாக உயர்ந்தால் உடல் உணர்வது 41 பாகையை அண்மிக்கின்றது. வெப்பமானி ஒரு பாகைகூட அசையவில்லை. ஆனால், உடலுக்கு ஏற்படும் ஆபத்து ஒரு படி உயர்ந்துவிட்டது. மேல் மாகாணத்துக்கு வெப்பச் சுட்டெண் தொடர்பில் 'அதிக அவதானம்' தேவை எனத் திணைக்களம் அறிவிக்கும்போது, வெப்பநிலை 33 பாகைதானே என அதனை அலட்சியம் செய்வது தவறாகும்.

இங்கும் ஒரு விடயத்தை மனத்திற் கொள்ள வேண்டும. திணைக்களம் வெளியிடும் வெப்பநிலை புல்தரையின் மேல், காற்றோட்டமுள்ள வெண்ணிறப் பெட்டிக்குள், நிழலில் அளக்கப்படுவதாகும். உலகெங்கும் அதுவே முறை. வெப்பச் சுட்டெண்ணும் நிழலுக்கே கணிக்கப்படுகின்றது. நேரடி வெயிலில் நிற்பவருக்கு அதைவிட 8 பாகை வரை கூடுதலாக உணரப்படலாம். பௌத்தாலோக மாவத்தையில் அளக்கப்படும் வெப்பநிலை, கொலன்னாவையில் தகரக் கூரையின் கீழ் இரு அறைகளில் ஒரு குடும்பமே வாழும் வீட்டின் வெப்பநிலை அல்ல. புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைகள், முச்சக்கரவண்டிச் சாரதிகள், கட்டடத் தொழிலாளர், நடைபாதை வியாபாரிகள் ஆகியோர் அனுபவிக்கும் வெப்பமும் அதுவல்ல. ஆர்வலர்கள் ஒரு வெப்பமானியை இத்தகைய வீடொன்றின் உள்ளே வைத்து இரவிலும் பகலிலும் குறிப்பெடுப்பார்களாயின், எந்த அறிக்கையிலும் இடம்பெறாத ஓர் உண்மை வெளிப்படும்.

2023 முதல் 2025 வரையான ஆண்டுகளில் ரமழான் நோன்பு மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே பெரும்பாலும் அமைந்தது. பகல் முழுவதும் நீரருந்தாது உடலுழைப்பில் ஈடுபடும் நோன்பாளிக்கு இப்பருவம் கடினமானது. நோன்பு துறந்தது முதல் ஸஹர் வரையான நேரத்தில் ஒரே தடவையில் அல்லாமல் சிறிது சிறிதாக நீர் அருந்துவதும், கடின வேலையைக் காலையிலேயே முடித்துக்கொள்வதும் உதவும். நோயாளருக்கு மார்க்கம் சலுகை வழங்கியிருப்பதையும் மறந்துவிடலாகாது. சந்திர ஆண்டின்படி நோன்பு மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னோக்கி நகர்வதால் இனிவரும் ஆண்டுகளில் இச்சுமை குறையும். எனினும், சித்திரை வெயிலில் உழைப்போரின் சுமை குறையப்போவதில்லை. தலைச்சுற்று, வாந்தி, வியர்வை நின்று தோல் சூடாதல், பேச்சுத் தடுமாறல் ஆகியன தோன்றின் அது சாதாரண களைப்பு அன்று. நிழலுக்குக் கொண்டுசென்று, உடலை நீரால் நனைத்து, 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும்.

இனி இடிமழை. "பிற்பகல் 2.00 மணிக்குப் பின்னர் மேல், சப்ரகமுவ மாகாணங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்" என்ற வாசகம் வானொலி கேட்டு வளர்ந்த அனைவருக்கும் மனப்பாடம். அதன் பின்னணி எளிது. காலை வெயிலில் தரை சூடாகின்றது. நண்பகலின் பின்னர் கடற்காற்று ஈரத்தைச் சுமந்து உள்நாடு நோக்கி வருகின்றது. சூடான தரைக்கு மேல் அந்த ஈரக் காற்று மேலெழுந்து, குளிர்ந்து, கருமுகிலாகி, இடியுடன் கொட்டித் தீர்க்கின்றது. பாடசாலைப் புவியியலில் நாம் படித்த மேற்காவுகை மழை இதுவே.

இத்தகைய முகில் சில கிலோமீற்றர் அகலமே உடையது. ஓரிரு மணி நேரமே வாழ்வது. எனவேதான் வெல்லம்பிட்டியில் கொட்டும் மழை வெள்ளவத்தையில் ஒரு துளியும் விழாமற் போகின்றது. எந்தக் கணினி மாதிரியும் எந்த வீதியில் மழை பெய்யும் எனக் காலையிலேயே கூற இயலாது. முகிலுக்குள் உள்ள மழையை அவ்வப்போது கண்டறிந்து அடுத்த ஓரிரு மணி நேரத்தை எதிர்வுகூறுவதற்கு டொப்ளர் ராடர் தேவை. 2016, 2017 ஆம் ஆண்டுகளின் பேரனர்த்தங்களை இந்நாடு அக்கருவி இன்றியே எதிர்கொண்டது. ஆகவே, "60 வீத வாய்ப்பு" எனக் கைத்தொலைபேசி காட்டுவதை உறுதிமொழியாகக் கொள்ளாது, மழை பெய்யாமலும் போகக்கூடிய சாத்தியமாகவே கொள்ள வேண்டும். இடி கேட்கும் தூரத்தில் இருப்பவர் மின்னல் தாக்கும் தூரத்திலும் இருக்கின்றார் என்பதே பாதுகாப்பான கணக்கு. அவ்வேளையில் மைதானத்திலும் மரத்தடியிலும் நிற்பதைத் தவிர்த்து வீட்டினுள் செல்வதே உத்தமம்.

சித்திரை மழை எனும்போது கொலன்னாவை மக்களின் நினைவில் முதலில் வருவது 2017 ஏப்ரல் 14 ஆம் திகதியே ஆகும். தமிழ், சிங்களப் புத்தாண்டு தினத்தின் பிற்பகலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பண்டிகைக்காகக் கூடியிருந்த குடும்பங்கள் சிதைந்தன. அதற்கு முன்னர் பெய்த மழை குப்பைமேட்டை நனைத்துக் கனமாக்கியிருந்தது உண்மையே. ஆனால், அந்த மேட்டை மழை உருவாக்கவில்லை. ஆண்டுக்கணக்காகக் கொழும்பு நகரின் குப்பை அங்கு குவிக்கப்பட்டது. பிரதேச மக்கள் ஆர்ப்பாட்டம் செய்து, ஆபத்தை எடுத்துக்கூறி வந்தனர். வானிலை அறிக்கையில் இல்லாத முன்னெச்சரிக்கை மக்களின் வாயில் இருந்தது. கேட்கச் செவிகள் இருக்கவில்லை. அனர்த்தம் என்பது வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது விடயம் வெள்ளம். ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகின்றன. இலங்கையை நேரடியாகத் தாக்கிய பெருஞ் சூறாவளிகள் 1964 டிசம்பரிலும் 1978 நவம்பரிலும் போன்று ஆண்டின் இறுதிப் பகுதியிலேயே வந்துள்ளன. மே மாதத்தில் உருவாகும் தாழமுக்கங்கள் பெரும்பாலும் எமது கரையைத் தொடாது வடக்கு நோக்கிச் சென்றுவிடுகின்றன. "சூறாவளி எமக்கு வராது" எனச் சிலர் நிம்மதியடைவது இதனாலேயே. ஆனால், உண்மையான ஆபத்து வேறு வழியில் வருகின்றது. விரிகுடாவில் சுழலும் தாழமுக்கம் தென்மேற்கிலிருந்து ஈரக் காற்றை இழுத்து எடுக்கின்றது. அக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி நாட்கணக்கில் மழையாகப் பொழிகின்றது. 2003 மே மாதம் இரத்தினபுரியைச் சூழ்ந்த பேரழிவும், 2016 மே மாதம் பின்னர் ரோவானு எனப் பெயர்பெற்ற தொகுதி தந்த பெருமழையும், 2017 மே மாத வெள்ளமும் இவ்வகையினவே.

2016 மே மாதத்தில் அரநாயக்கவில் மலை சரிந்தது. அதே நாட்களில் களனி கங்கை பெருக்கெடுத்துக் கொலன்னாவை, வெல்லம்பிட்டி, சேதவத்தைப் பகுதிகளை மூழ்கடித்தது. ரமழான் மாதம் தொடங்க மூன்று வாரங்களே இருந்த வேளையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உடுத்த துணியோடு வெளியேறின. பள்ளிவாசல்களும் விகாரைகளும் கோயில்களும் தேவாலயங்களும் இன, மத பேதமின்றிச் சமைத்த உணவு வழங்கியதை அப்பகுதி மக்கள் இன்றும் நன்றியுடன் நினைவுகூர்கின்றனர்.

இங்குதான் ஆர்வலர்கள் கவனிக்க வேண்டிய முக்கிய விடயம் உள்ளது. கொலன்னாவையின் பெருவெள்ளம் பெரும்பாலும் கொலன்னாவையின் வானத்தில் தெரிவதில்லை. களனி கங்கை மத்திய மலைநாட்டில் ஊற்றெடுத்து, ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடிக் கொழும்பின் வடக்கே கடலில் கலக்கின்றது. நோர்வூட், கித்துல்கல, தெரணியகல ஆகிய இடங்களில் பெய்யும் மழை கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல வழியாக இறங்கி நாகலகம் வீதியை அடையப் பல மணி நேரம், சில வேளைகளில் ஒரு நாளுக்கும் மேல் எடுக்கும். கொலன்னாவையில் மழை விட்டு வெயில் எறிக்கும்போதுகூட ஆறு ஏறிக்கொண்டிருக்கலாம். "மழை நின்றுவிட்டது, இனிப் பயமில்லை" என வீடு திரும்பியவர்கள் அகப்பட்டுக்கொள்வது இதனாலேயே.

ஆகவே, இப்பிரதேசத்து வானிலை ஆர்வலர் தம் தலைக்கு மேலுள்ள முகிலைப் பார்ப்பதைவிட மேட்டுநிலத்து மழைமானிகளையும் ஆற்று நீர்மட்டங்களையும் பார்ப்பதே பயன் தரும். நீர்ப்பாசனத் திணைக்களம் இந்நீர்மட்டங்களைத் தொடர்ந்து வெளியிட்டு வருகின்றது. நாகலகம் வீதியின் அளவுகோலில் 5 அடி சிறு வெள்ளத்தையும், 7 அடி பெருவெள்ளத்தையும் குறிக்கும். இந்த எண்களுக்கு அடுத்தாற்போல் ஒவ்வொரு ஒழுங்கையிலும் உள்ள முதியோர்களிடம் கேட்டு, "2016 இல் நீர் இந்தச் சுவரில் இந்த இடம் வரை வந்தது" எனக் குறித்துவைத்தால், திணைக்களத்தின் எண் எமது முற்றத்தின் எண்ணாக மாறிவிடும். ஹங்வெல்லவில் நீர் ஏறும்போது தம் வாசலுக்கு எப்போது வரும் என்பதை அறிந்த குடும்பத்துக்கு ஆவணங்களையும் மருந்துகளையும் எடுத்துக்கொண்டு வெளியேற நேரம் கிடைக்கும். செலவு ஏதுமற்ற இப்பணியே முன்னறிவிப்பை முன்னெச்சரிக்கையாக மாற்றுவதாகும்.

வெள்ளத்துக்கும் வெயிலுக்கும் பொதுவான இன்னொரு காரணியும் உண்டு. அதுவே சதுப்பு நிலம். கொலன்னாவையைச் சூழ்ந்த சதுப்பு நிலங்கள் மழைநீரைத் தாங்கிவைத்து மெல்ல வெளியேற்றுகின்றன. அத்துடன் சுற்றுப்புற வெப்பத்தையும் தணிக்கின்றன. 2018 ஆம் ஆண்டில் கொழும்பு நகருக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. ஆனால், ஒரு புறம் அங்கீகாரம் பெற்றுக்கொண்டு மறுபுறம் சதுப்பை மண்ணிட்டு நிரப்புவது தொடருமாயின், ஏப்ரலில் வெயிலும் மே மாதத்தில் நீரும் அதிகரிப்பதைத் தவிர்க்க முடியாது.

2025 நவம்பர் 28 ஆம் திகதி கிழக்குக் கரையை ஊடறுத்த டித்வா சூறாவளியின்போது இப்பாடங்கள் அனைத்தும் மீண்டும் ஒரு முறை நினைவூட்டப்பட்டன. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைநாட்டில் பெய்த மழை களனி கங்கை வழியே இறங்கி மீண்டும் கொலன்னாவையை மூழ்கடித்தது. அவ்வேளையில் எழுந்த குறைகளுள் ஒன்று எமது வாசகர்களை நேரடியாகப் பாதிப்பதாகும். எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்பதே அது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆழிப்பேரலையின் பின்னர் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. சட்டங்கள் இருந்தும், மலையகத்துத் தோட்டத் தொழிலாளியும் கொலன்னாவையின் முஸ்லிம் தாயும் தம் மொழியில் எச்சரிக்கையைப் பெறச் சில மணி நேரம் பிந்துமாயின், அந்தச் சில மணி நேரம் ஓர் உயிரின் விலையாகிவிடக்கூடும். சிங்களத்தில் அறிவிப்பு வெளியாகும் அதே நிமிடத்தில் தமிழிலும் வெளியாக வேண்டும். இது சலுகையன்று, உரிமையாகும்.

வானிலை ஆர்வலர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. பத்து நாட்களுக்கு அப்பால் ஒரு கணினி மாதிரி காட்டும் சூறாவளிப் படத்தை "வருகிறது பேரழிவு" என்ற தலைப்புடன் பரப்புவது அறிவியலுமன்று, சேவையுமன்று. அத்தகைய படங்கள் அடுத்த நாளே மாறிவிடுகின்றன. மூன்று முறை பொய்த்த எச்சரிக்கையை நான்காவது முறை எவரும் நம்பமாட்டார்கள். அந்த நான்காவது முறைதான் உண்மையாக இருக்கும். பகிரும் ஒவ்வொரு தகவலிலும் அது வெளியான திகதியும் நேரமும் மூலமும் இடம்பெற வேண்டும். தமது சொந்தக் கணிப்பையும் திணைக்களத்தின் அறிவிப்பையும் கலந்துவிடக் கூடாது. தவறிய கணிப்பைத் தவறியது எனப் பகிரங்கமாக ஒப்புக்கொள்வோரே நீண்ட காலம் நம்பப்படுவர்.

கைத்தொலைபேசியில் வானிலை வரைபடம் பார்க்க இயலாதவர்கள்தான் வெள்ளத்தில் முதலில் பாதிக்கப்படுகின்றனர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவர்களைச் சென்றடையப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும், கோயில் மணியும், கிராம உத்தியோகத்தரும், வீட்டுக்கு வீடு கதவைத் தட்டும் இளைஞர்களுமே வழி. ஆர்வலர் ஒருவர் இவர்களோடு முன்கூட்டியே தொடர்பு ஏற்படுத்திக்கொள்வாராயின், அவரது ஆர்வம் ஊருக்குப் பாதுகாப்பாக மாறும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற அவசர இலக்கம் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதப்பட வேண்டும்.

வானத்தைப் பார்க்கும் இளைய தலைமுறை ஒன்று எம்மத்தியில் உருவாகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. அவர்கள் வானத்தோடு நின்றுவிடாமல் ஆற்றையும், அண்டை வீட்டுக் கூரையையும், அதன் கீழ் வாழும் முதியவரையும் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும் என்பதே எமது விருப்பம். வெயிலையும் மழையையும் எவராலும் தடுக்க இயலாது. ஆனால், அடுத்த சித்திரையிலும் வைகாசியிலும் கொலன்னாவையில் ஒரு குடும்பமேனும் எச்சரிக்கை கிடைக்காத காரணத்தால் அழியாதிருக்கச் செய்வது அரசாங்கத்தாலும் எம்மாலும் இயலும்.